பவுனம்மாள் இல்லத்து வைஃபை

பிரெஞ்சில் ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்வதற்காக வாயைத் திறந்த அனிதா, திறந்தது திறந்தபடி உறைந்துபோனாள். மூலக்குளத்தில் தன் வீட்டிலிருந்து வீடியோவில் அவளுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த தோழி லில்லி, கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஃபோன் போட்டாள்.

“எத்தினி பல்லு சொத்தைன்னு எண்ணியே முடிச்சிட்டேன்டி. நீ இன்னும் வாயை மூடல.”

கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆதிமூலம் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, மடியிலிருந்த நோட்டில் எழுதினார்: ‘சனி, காலை 9.10. மகள் உறைதல். நாற்பது நொடி.’

அதற்கு மேலே, ஒத்திகை தொடங்கியதிலிருந்து பதினோரு நாட்களின் உறைதல்கள் தேதிவாரியாக இருந்தன. வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் முப்பத்தோரு வருடமாக எழுத்தர் அவர். எந்தத் தொல்லையையும் எழுத்தில் கொண்டுவந்துவிட்டால் அது பாதி தீர்ந்த மாதிரி என்பது அவர் கட்சி. மீதிப் பாதி எப்படித் தீரும் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

அன்று பிற்பகல் மூன்றரைக்கு அனிதாவுக்கு நேர்காணல். சென்னையில் இருக்கும் கம்பெனி. ஆனால் வேலை வீட்டிலிருந்தபடியே. பிரெஞ்சு வாடிக்கையாளர்கள் எழுதும் கடிதங்களுக்கு பிரெஞ்சிலேயே பதில் எழுத வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை, வீட்டு இணையம் அறுபடாமல் இருக்க வேண்டும். நேர்காணலே அதற்கும் பரீட்சை என்று கண்டிப்பாக எழுதியிருந்தார்கள்.

“இன்னைக்கு நின்னுச்சின்னா பெங்களூர்தாம்பா” என்றாள் அனிதா. சத்தம் போடவில்லை. பெங்களூரில் ஒரு வேலை ஏற்கெனவே கையில் இருந்தது. அம்மா விஜயகுமாரி பரண்மேலிருந்து துணிப்பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டாள். அந்தப் பெட்டியைக் கடந்து போகும்போதெல்லாம் ஆதிமூலம் வேறு பக்கம் பார்த்தார். ஊர்க்காரர்களுக்கெல்லாம் மனு எழுதியே விரல் காய்த்துப்போன மனிதர் அவர். தன் மகள் இதே கூடத்தில் உட்கார்ந்து, கடல் தாண்டிய மனிதர்களுக்குக் கடிதம் எழுதிச் சம்பாதிக்கப் போகிறாள் என்கிற நினைப்பு அவருக்குள் வெல்லக்கட்டி மாதிரி கரைந்துகொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. நோட்டில்கூட எழுதவில்லை.

முந்தின நாள் அலுவலகத்துக்கு எதிரில் இருந்த நெட் சென்டரில், ரவுட்டரைச் சரிசெய்யும் வழிமுறைகளை நாலு பக்கத்துக்கு அச்செடுத்து வந்திருந்தார். இரண்டு முறை படித்து, ஸ்கேல் வைத்து சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார். முதல் படி, அணைத்துப் போடுதல். இரண்டாவது படி, ரவுட்டர் பெட்டிக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்கிற மென்பொருளைப் புதுப்பித்தல். மூன்றாவது, கடவுச்சொல்லை மாற்றுதல். நாலாவது, வேறு வழியே இல்லையென்றால் மட்டும், பின்பக்கத்து ஓட்டையில் ஊசியால் அழுத்தி எல்லாவற்றையும் அழித்தல்.

அந்த ரவுட்டர் பெட்டி, கூடத்தின் கிழக்குச் சுவரில் ஆணியில் தொங்கியது. அந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அது இரண்டரை வருடத்துக்கு முன்னால், ஒரே ஒரு செங்கல் கனத்தில் எழுந்த ஒற்றைக்கல் சுவர். அதுவரை அது ஒரே கூடம், ஒரே வீடு. வாசலில் அம்மாவின் பெயரைச் செதுக்கி ‘பவுனம்மாள் இல்லம்’ என்று கல் பதித்திருந்தது. பாகம் பிரித்தபோது அந்தக் கல் அண்ணன் ஆதிமூலத்தின் பக்கம் வந்தது; மாடிப்படி தம்பி எழிலரசன் பக்கம் போனது. கல்லுக்காகத் தம்பி வாய் திறக்கவில்லை. மாடிப்படிக்காக அண்ணன் திறந்தார். திறந்தார் என்றால் பேசவில்லை, எழுதினார். ‘பொருள்: மாடிப்படியைப் பொதுவில் பயன்படுத்துதல் தொடர்பாக’ என்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து பதினேழு கடிதம் வரை வளர்ந்து, பேச்சு வார்த்தை முழுக்க நின்று, வடகம் காயவைக்க விஜயகுமாரி இரும்பு ஏணியில் ஏறுவதில் முடிந்தது.

கடிதங்களை எடுத்துப் போய்க் கொடுத்தவள், இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்க்கும் கலியம்மாள். அந்தப் பக்கத்துச் செய்தி எதுவும் தன் காதில் விழக்கூடாது என்று ஆதிமூலம் அவளுக்கு உத்தரவு போட்டிருந்தார். இணைய இணைப்பு தரும் கேபிள்காரன் பாக்யராஜுக்கும் அதே உத்தரவுதான். ஒருமுறை அவன், “சார், ஒங்க தம்பி வூட்ல…” என்று ஆரம்பித்தபோது, கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

பத்து மணிக்கு முதல் படியில் கால் வைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். முப்பது வரை எண்ணிவிட்டு மாட்டினார். பெட்டியில் விளக்கு பச்சையாவதற்கு முன்பே அவர் கைப்பேசியில் இணையம் வந்துவிட்டது. நோட்டில் ‘மிக விரைவு’ என்று குறித்துக்கொண்டார். ஆனால் டி.வி.யில் வரவில்லை. அனிதாவின் மடிக்கணினி இரண்டு நிமிடம் வந்து, போய், மறுபடி வந்தது.

“மின்னாடி ஒரு மாதிரி நின்னுச்சி. இப்ப பல மாதிரி நிக்குது” என்றாள் விஜயகுமாரி.

இரண்டாவது படி. காகிதத்தில் இருந்த எண்களைக் கைப்பேசியில் அடித்து ரவுட்டரின் உள்ளே நுழைந்தார். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பெயரையும் சொல்லையும் கேட்டது, கொடுத்தார். புதிய பதிப்பு இருக்கிறது, ஏற்றலாமா என்றது. ஆதிமூலம் ஏற்றச் சொன்னார். கோடு மெல்ல நகர்ந்தது. இந்தச் சமயத்தில் மின்சாரம் போனால் பெட்டி செத்தது என்று காகிதம் பயமுறுத்தியதால், மூன்று பேரும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபடி மூச்சுக்கூட மெதுவாக விட்டார்கள்.

கோடு நூறைத் தொட்டது. பெட்டி தானாக ஒருமுறை அணைந்து எரியும், விளக்குகள் எல்லாம் சிமிட்டும் என்று எழுதியிருந்தது. ஆனால் சுவரில் தொங்கிய பெட்டி ஒரு விளக்கைக்கூட அசைக்கவில்லை. நல்ல சாதுவான பெட்டி என்று ஆதிமூலம் நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த கிரிக்கெட் வர்ணனை சட்டென்று நின்றது. எழிலரசனின் குரல், ஒற்றைக்கல் சுவரில் தெளிவாகவே கேட்டது.

“இன்னாடா ஆச்சி நெட்டுக்கு?”

ஆதிமூலம் எழுதுவதை நிறுத்தினார். பேனாவை மூடினார். முப்பத்தோரு வருட அலுவலக மூளை ஒவ்வொன்றாக அடுக்கியது. நம் பெட்டியைப் புதுப்பித்தோம். அவன் வீட்டில் இணையம் நின்றது. அப்படியானால் அவன் பார்ப்பது யாருடைய இணையம்? சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க, கைப்பேசியில் சுற்றுவட்டார வைஃபை பட்டியலைத் திறந்து பார்த்தார். எதிர்க் கடையின் பெயர் ஒன்று இருந்தது. அவர்களுடைய ‘பவுனம்மாள்’ ஒன்று இருந்தது. தம்பியின் பெயரில் எதுவுமே இல்லை.

“பழைய பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும். வீடு பிரியறதுக்கு முன்னாடி வெச்சது” என்றார் மெதுவாக. “ரெண்டரை வருஷமா நம்ம நெட்டுல ஒக்காந்து மேட்ச் பாத்துகினு இருக்கான். அப்புறம் ஏன் நிக்காது?”

அவர் குரலில் கோபத்தைவிட நிம்மதி அதிகம் இருந்தது. பதினோரு நாள் பக்கங்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. விஜயகுமாரிக்கு மட்டும் ஒப்பவில்லை. எழிலு அப்படிச் செய்யிற ஆள் இல்லை என்றாள். அந்த நம்பிக்கையை மாடிப்படி விஷயத்தில் வைத்திருந்து என்ன கண்டாய் என்று அவர் கேட்டார்.

புதுப்பித்த பிறகு ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லியிருந்தது காகிதம். பிளக்கைப் பிடுங்கி மாட்டினார். இந்த முறையும் பெட்டி கண்விழிக்கும் முன்பே கைப்பேசி தயார் என்றது. அதே சூட்டில் உள்ளே போய் மூன்றாவது படியை முடித்தார். புதிய கடவுச்சொல்லாக, தம்பி எந்த ஜென்மத்திலும் ஊகிக்க முடியாதபடி, தன் பதினேழாவது கடிதத்தின் தேதியையும் ‘மாடிப்படி’ என்ற சொல்லையும் சேர்த்து ஆங்கில எழுத்தில் போட்டார். நேரம் 11.40.

பிறகு மேசையில் உட்கார்ந்து பதினெட்டாவது கடிதத்தை எழுதினார்.

‘திரு. எழிலரசன் அவர்களுக்கு. பொருள்: எமது கம்பியில்லா இணையத்தை அனுமதியின்றிப் பயன்படுத்துதல் தொடர்பாக. மேற்படி செயல் இன்று என்னால் கண்டறியப்பட்டு, சரியாக 11.40க்குக் கடவுச்சொல் மாற்றப்பட்டுவிட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இன்று மூன்றரை மணிக்கு என் மகள் அனிதாவுக்கு இணையவழி நேர்காணல் உள்ளது. அவளது எதிர்காலமே இதில் அடங்கியிருப்பதால், இனிமேலும் எவ்வித இடையூறும் செய்ய வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.’

கலியம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினாள்.

“மறுபடியுமாண்ணே? படிக்கட்டு வெசயம்தான் முடிஞ்சிபோச்சே.”

“இது வேற வெசயம்.”

“அவுரு படிச்சிட்டு இன்னா சொல்றாருன்னு…”

“சொல்ல வேணாம். பதில் இருந்தா எழுத்துல குடுக்கச் சொல்லு.”

அவள் போனாள். வழக்கமாக எழிலரசனின் பதில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அவரும் அதே பள்ளிக்கூடத்தில், அதே வாத்தியாரிடம் கடிதம் எழுதக் கற்றவர்தான். அன்று பதில் வரவில்லை. குற்றம் செய்த நெஞ்சு என்ன எழுதும் என்று ஆதிமூலம் நினைத்துக்கொண்டார். அது மட்டுமல்ல, அந்தப் பக்கத்தில் சத்தமே அடங்கிப்போனது. டி.வி. இல்லை, மிக்ஸி இல்லை. ஊரையே எழுப்பும் எழிலரசனின் மோட்டார் பைக்கும்கூட இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. தன் கடிதத்தின் வேகம் அவருக்கே லேசான ஆச்சரியத்தைக் கொடுத்தது.

ஆனால் இந்தப் பக்கத்துச் சங்கதி வேறு மாதிரிப் போயிற்று. அனிதாவின் மடிக்கணினி புதிய கடவுச்சொல்லைத் தவறு என்றது. இரண்டாம் முறை சரி என்றது. மூன்று நிமிடம் கழித்து மறுபடியும் தவறு என்றது. விஜயகுமாரியின் கைப்பேசியோ, யாரும் எதையும் மாற்றாமலேயே பழைய கடவுச்சொல்லில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

“எப்பிடிப்பா பழசும் ஓடும், புதுசும் ஓடும்?” என்றாள் அனிதா.

பெட்டி பாதி மாறியிருக்கிறது, பாதி மாறவில்லை என்று ஆதிமூலம் விளக்கினார். அரசாங்க உத்தரவுகள் அப்படித்தான் அமலுக்கு வருவதை அவர் பார்த்திருக்கிறார். மாற்றங்கள் முழுசாகப் பிடிக்காவிட்டால் நாலாவது படி என்று காகிதத்தில் தெளிவாக இருந்தது. விஜயகுமாரி தடுத்தாள். கேபிள்காரனைக் கூப்பிட்டுவிட்டுச் செய்யலாமே என்றாள். அவர் ஏற்கெனவே அவளது தாலிச்சரட்டில் இருந்த ஊக்குக்குக் கையை நீட்டிவிட்டார்.

ஒன்றரை மணிக்குப் பின்பக்கத்து ஓட்டையில் ஊக்கை வைத்துப் பத்து விநாடி அழுத்தினார். இந்த முறை பெட்டி சாதுவாக இல்லை. எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் அணைந்தன. திரும்ப எரிந்தபோது, இணையம் என்று எழுதியிருந்த இடத்தில் சிவப்பு எரிந்தது. ஐந்து நிமிடம் பார்த்தார். பத்து நிமிடம் பார்த்தார். அது சிவப்பாகவே இருந்தது. விஜயகுமாரியின் கைப்பேசியிலும் இணையம் போயிற்று.

பாக்யராஜுக்கு ஃபோன் போட்டு நடந்ததைச் சொன்னார். பின்னால் லாரி சத்தம் கேட்டது.

“ஊசி போட்டீங்களா? யார் சார் ஒங்களைப் போடச் சொன்னது? யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிஞ்சிருக்கும். நான் வந்து அடிச்சாதான் நெட்டு வரும்.”

“உடனே வாப்பா.”

“மூலக்குளத்துல லாரிக்காரன் கேபிளை அறுத்துட்டான் சார். கம்பத்து மேல இருக்கேன். சாயந்திரம் ஆவும்.”

அதற்குப் பிறகு ஆறு முறை கூப்பிட்டும் அவன் எடுக்கவில்லை.

அனிதா மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு உள்ளே போனாள். பரணிலிருந்து இறங்கிய பெட்டியின் ஜிப்பை யாரோ திறக்கிற சத்தம் கேட்டது. அது விஜயகுமாரியாக இருக்க வேண்டும் என்று ஆதிமூலம் விரும்பினார். ஆனால் விஜயகுமாரி அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னாங்க, ஒரு செவுரு தாண்டனா எழிலு வூடு. அங்க நெட்டு இருக்குதான்னு கேட்டா இன்னா?”

“அவன் வூட்ல ஏது நெட்டு? நம்முளுதைத்தான் திருடிகினு இருந்தான்.”

“இருக்குதோ இல்லியோ. நம்ம ஃபோனு எதுலயும் டேட்டா போடல, அவன் ஃபோன்லேர்ந்து ஏதாச்சும் பண்ணுவான். பொண்ணு வாழ்க்கைங்க.”

 ஆதிமூலம் மேசைக்குப் போய் உட்கார்ந்து புதுத் தாள் எடுத்தார். ‘பொருள்: தற்காலிக இணைய உதவி வேண்டுதல் தொடர்பாக’ என்று எழுதினார். பத்தொன்பதாவது கடிதம். பொருள் வரை வந்துவிட்டது. அதற்கு மேலே விளிப்பு எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. ‘திரு. எழிலரசன் அவர்களுக்கு’ என்று எழுதி அடித்தார். மூன்று மணி நேரத்துக்கு முன்னால்தான் அதே விளிப்பில், திருடன் என்று சொல்லாமல் சொல்லி எழுதியிருந்தார். ‘ஐயா’ என்று எழுதி அடித்தார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓடி வரும்போது பின்னாலேயே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற தம்பியை என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்பது நினைவுக்கு வந்தது. ‘எழிலு’ என்று எழுதினார். அது கடிதத்தில் வரக்கூடிய சொல் மாதிரியே இல்லை. ஆனாலும் அடிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கடிகாரம் மூன்றே காலைக் காட்டியது.

“அப்பா.”

அனிதா உடை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று மடிக்கணினியைத் திறந்திருக்கிறாள்.

“வந்துடிச்சிப்பா. புது பாஸ்வேர்டுல. ஃபுல் சிக்னல்.”

ஆதிமூலம் பெட்டியைப் பார்த்தார். சிவப்பு விளக்கு அப்படியேதான் எரிந்தது. எல்லாம் அழிந்துபோகும் என்றார்கள். பெயரும் அழியவில்லை, புதுக் கடவுச்சொல்லும் அழியவில்லை. கேபிள்காரன் வராமல் வராது என்றார்கள், வந்துவிட்டது. புதுப்பித்த ஃபர்ம்வேரின் மகிமை என்று முடிவு செய்தார். விளக்குதான் பழுதாகியிருக்கிறது. பத்தொன்பதாவது கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நல்லவேளை, அனுப்பவில்லை.

நேர்காணல் நாற்பது நிமிடம் நடந்தது. ஆதிமூலமும் விஜயகுமாரியும் சமையற்கட்டு வாசலில் தரையில் உட்கார்ந்து, புரியாத மொழியில் தங்கள் மகள் பேசுவதைக் கேட்டார்கள். ஒரு சொல்கூட நடுவில் அறுபடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஸ்பூன் விழும் சத்தம்கூட வரவில்லை. கடைசியில் நேர்காணல் செய்த அம்மாள் என்னவோ சொல்லி, அனிதா வாய்விட்டுச் சிரித்தாள்.

“திங்கக்கெழமையிலேர்ந்து வரச் சொல்றாங்க” என்றாள் திரும்பி. “வரச் சொல்றாங்கன்னா, இங்கதான். இந்த மேசைதான்.”

விஜயகுமாரி எழுந்து போய்ப் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். ஆதிமூலம் நோட்டைத் திறந்து, ‘பிற்பகல் 4.10. உறைதல் இல்லை’ என்று எழுதி, அதன்கீழ் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டார். அத்தோடு நிற்காமல், முறையாகச் செய்தால் எதுவும் முடியும் என்றும், நாலு படியையும் வரிசை மாறாமல் ஏறியதால்தான் இது நடந்தது என்றும் ஒரு சின்ன உரை நிகழ்த்தினார்.

உரை முடிவதற்குள் பாக்யராஜ் உள்ளே வந்தான். தெருப்பக்கமிருந்து வரவில்லை. பக்கத்துக் கேட்டைச் சாத்திவிட்டு வந்தான். நேராக ரவுட்டர் பெட்டியிடம் போய்ப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

“வந்து இன்னாத்துக்கு? எல்லாம் ஓடுது” என்றார் ஆதிமூலம். “அந்த வெளக்கு மட்டும்தான் ரிப்பேரு.”

“வெளக்கு நல்லாதான் சார் இருக்குது. பொட்டிதான் ஒன்றரை மணியிலேர்ந்து செத்துக் கெடக்குது.”

“அப்ப என் பொண்ணு எதுல பேசுனா?”

பாக்யராஜ் தலையைச் சொறிந்தான். “ஒங்க தம்பி கனெக்சன் வாங்கி ரெண்டரை வருசம் ஆவுது சார். நான் சொல்ல வந்தேன், நீங்கதான் கையைக் காட்டிட்டீங்க. வைஃபைக்கு இன்னா பேரு வெக்கிறதுன்னு கேட்டேன். கல்லுதான் அண்ணன் பக்கம் போயிடுச்சி, அம்மா பேராவது இங்கியும் இருக்கட்டும், பாஸ்வேர்டும் பழசே இருக்கட்டும்னாரு. ஒரே மாதிரி ரெண்டு பொட்டி, செவுத்துக்கு இந்தாண்ட ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு. ஒங்க ஃபோனு ரெண்டுக்கும் மாறி மாறித் தாவிகினு இருந்துருக்குது. காலையிலேர்ந்து நீங்க உள்ள போயி மாத்துனது எல்லாம் அவரு பொட்டியில.”

ஆதிமூலத்தின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. மடித்த தாள் அங்கே இருந்தது.

“இது அவனுக்குத் தெரியுமா?”

“ஒங்க லெட்டரைப் பார்த்ததுமே தெரிஞ்சிகினாரு சார். நான் மூணு மணிக்கே வந்துட்டேன், ஒங்க பொட்டி செத்துப்போச்சி, எழுப்ப ஒரு மணி நேரம் ஆவும்னு சொல்லிகினே அவரு பொட்டியில ஊசியை வெக்கப் போனேன். அண்ணன் பொண்ணு அதுலதான் பேசப்போவுது, முடியற வரைக்கும் எவனும் தொடக்கூடாதுன்னு, பொட்டிக்குக் கீழ நாற்காலியைப் போட்டு ஒக்காந்தவரு, இன்னும் எழுந்திரிக்கல.”